செக்ரோல் 217

பாடாங் செராயில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களில் பாதிப் பேர்
ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தார்கள்.
தாத்தாவும் அப்படித்தான்.
சிவப்பு ஐசி எழுத வந்தவருக்கு அன்று அவசரம்,
வெயிலும் அதிகமாக இருந்திருக்கலாம்.

ஐசியில் ஒச்சப்பன்.
சம்பளச் சீட்டில் ஓச்சபான்.
இறப்புச் சான்றிதழில் ஓ. அப்பன்.
மூன்று பேரும் ஒரே ஆள் என்று
சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன்,
அதற்குப் பத்து வெள்ளி.
உச்சந்தலையில் அவருக்கு இரட்டைச் சுழி.
பிறப்பைப் பற்றி வீட்டில் இருந்த ஒரே தகவல் அது.
படிவத்தில் சுழிக்குக் கட்டம் இல்லை.

தம்பி மகன் யுகனுக்குப் பதினெட்டாகிறது,
நீல ஐசிக்குக் காத்திருக்கிறான்.
தாத்தா இந்த மண்ணில் பிறந்தார் என்று காட்டச் சொல்கிறார்கள்.
மண் சும்மா இருக்கிறது.

பதிவிலாகாவில் என் எண் 3041.
முகப்பில் இருந்த ரொஹாயா மூன்று முறை தேடினாள்,
நான்காவது முறை எனக்காகத் தேடினாள்.
"தாக் ஆடா, காக்" என்றபோது
திரையைப் பார்த்துத்தான் சொன்னாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த இடத்தில்
செம்பனைக் குலை நிறுக்கிறார்கள்.
டிரெசர் எழுதிய பிள்ளைப்பேறுப் புத்தகத்தை
ஜப்பான்காரன் காலத்தில் சுருட்டுக்குக் கிழித்தார்கள் என்கிறார் ஒருவர்.
வெள்ளம் என்கிறார் இன்னொருவர்.
கறையான் கட்சியும் உண்டு.

கடைசியில் டயர் கடை சசீந்திரன்.
அவன் தாத்தா இங்கே பெரிய கிராணி.
அவர் விட்டுப்போன செக்ரோல் புத்தகங்கள் ஏழு
லாரி ஜாக்கிக்கு அடியில் முட்டுக் கொடுத்துக் கிடந்தன.
"அட்டை கெட்டி, அதான் தப்பிச்சுச்சு."

அதில் தாத்தா இல்லை. எப்படி இருப்பார்,
பால் வெட்டாதவனுக்கு ஏது நம்பர்.
217 இருந்தாள்.
217, பேச்சாயி, பதினோராம் காடு.

மார்ச் 1932.
ஒன்பதாம் தேதிவரை இருபது ராத்தல், இருபத்தொன்று, இருபது.
பத்து: சுழி.
பதினொன்று: சுழி.
பன்னிரண்டு, பதின்மூன்று: சுழி, சுழி.
பதினான்காம் தேதி ஒன்பது ராத்தல்.

நான்கு சுழிகள், கிராணியின் கையில்
அச்சடித்த மாதிரி ஒரே அளவு.
கிரீஸ் நாற்றத்துக்கு நடுவில் நின்று
பிள்ளை பிறந்துவிட்டது என்று கத்தத் தோன்றியது.
சசீந்திரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு
தே ஆ வாங்கப் போனான்.

கீழே இருந்த புத்தகத்தைத் திறந்திருக்க வேண்டாம்.
ஆகஸ்ட் 1930.
அதே 217, ஒன்பது சுழிகள்.

காய்ச்சலாக இருக்கலாம்.
லயத்தில் மலேரியா வாடகை கொடுக்காமல் குடியிருந்த வருஷங்கள்.
காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் சாவு வீட்டுக்கும்
கிராணி ஒரே குறிதான் போட்டார்.

ஆனால் ராத்தல் கணக்கு இருக்கிறதே.
தாத்தா பிறந்த பிறகு ஏழு மாதம்
ஒன்பது, பத்து, எட்டு என்றே போகிறது.
பாதி நிரையில் கத்தியைச் செருகிவிட்டு
ஆயாக்கொட்டகைக்கு ஓடி ஓடி வந்தவளின் கணக்கு.
1930இல், ஒன்பது சுழி முடிந்த மறுநாள்
இருபத்திரண்டு ராத்தல்.
அடுத்த நாள் இருபத்து நான்கு.
அந்தப் புத்தகத்தில் அவளுக்கு அதுதான் அதிகம்.
அவள் எங்கும் ஓடவில்லை.

சம்பளக் கணக்கு பிறப்புப் பத்திரம் ஆகாது,
ரொஹாயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
இருந்தாலும் படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.
தேதி: 10.3.1932.
ஆதாரம் என்ற கோட்டில்
அவளிடம் கேட்டுக் கேட்டு மலாயில் எழுதினேன்:
அன்று தாய் வேலைக்கு வரவில்லை.
அவள் அதற்கு மேல் முத்திரை குத்தினாள்,
ஏற்றதாக அல்ல, பெற்றதாக.

1930 பக்கத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.
அதை யாரும் கேட்கவில்லை.
இருபது காசு.